கூட்டாளியின் ராஜா மேல் ஜோக்கர்

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்கு மெஷின் பூட்ட வந்த சீனர் கற்றுக்கொடுத்த சீட்டாட்டம் அது. மூவரில் ஒருவர் பண்ணையார், மற்ற இருவர் கூட்டாளிக் குடியானவர்கள். எந்தப் பக்கத்தில் ஒரு கை முதலில் காலியாகிறதோ, அந்தப் பக்கம் ஜெயம். தோற்ற பக்கத்துக்கு ஞாயிறு ஷிப்ட்.

அன்று பண்ணையார், நிஜத்திலும் நெல்வயல் உள்ள துளசிராமன். குடியானவர்கள் சின்னதுரையும் பிரின்சியும். ஞாயிறன்று பிரின்சியின் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா.

பிரின்சி ராஜாவை இறக்கினாள். துளசிராமன் அதற்கு மேல் போடாமல் விட்டுவிட்டார். சின்னதுரையும் விட்டால் அவளே மறுபடி இறக்கலாம். அவள் கையில் மிச்சம் இருந்ததோ ஒரே சீட்டு. ஆனால் ரம்மியில் வளர்ந்த சின்னதுரையின் கை கேட்குமா? ராஜா மேல் ஜோக்கரை அடித்தான். அடுத்து அவன் போட்டதை வெட்டிய துளசிராமன், மிச்சத்தை வரிசையாகக் கொட்டி முடித்தார்.

"இன்னாண்ணா, நீ யாரு கட்சி?" என்றாள் பிரின்சி.

"கை தானா போயிடுச்சும்மா. உன் மெஷினையும் நானே பாத்துக்கறேன்."

"கூட்டாளி சீட்டையே பாக்கல, மெஷின பாத்துக்குவியா?"

துளசிராமன் சீட்டைக் கலைத்தார். "நீ கோயிலுக்குப் போம்மா. உனக்கு பதிலா நான் வரேன்."

ஞாயிறு முழுக்கப் பண்ணையாருக்கு டீ வாங்கிவந்தது சின்னதுரைதான். யாரும் வாங்கிவரச் சொல்லவில்லை.