மாப்பிள்ளை லாரிக்கு மறுமுறுக்கு

என் பஞ்சர் கடைக்குப் பக்கத்துக் கடை ஸ்பிரிங்காரருடையது. லாரிக்கு அடியில் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும் இரும்பு ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டுவது அவர் தொழில். "காத்துப் பை வச்ச வண்டியாவது கசிஞ்சா உஸ்ஸுனு சொல்லும், காலையில குனிஞ்சு நிக்கும். இந்தப் பட்டை இருக்கே, கல்லுளிமங்கன். உடையிற வரைக்கும் வாயைத் திறக்காது" என்பார்.

புதுப் பட்டை போட்ட லாரி, சுமையோடு நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்தாக வேண்டும். பட்டைகள் அழுந்தி உட்கார்ந்தால் அவற்றை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்துவிடும். மறுபடி முறுக்காவிட்டால் நடுவிலுள்ள சின்ன போல்ட் ஒடிந்து, அச்சே இடம்விட்டு நகரும். "வரலைன்னா உனக்குச் சங்குதான்!" என்று டிரைவர்களிடம் தெருவே கேட்கக் கத்துவார். அந்த வாய்க்குப் பயந்தே எல்லோரும் வந்துவிடுவார்கள்.

போன வாரம் புதுப் பட்டை போட வந்தது அவர் தங்கை வீட்டுக்காரரின் லாரி. மாப்பிள்ளையை அதட்ட முடியுமா? முன்பொருமுறை ஏதோ சொல்லப்போய், அந்த மனுஷன் ஒரு வருஷம் தங்கையை அண்ணன் வாசல் மிதிக்கவிடவில்லை. அதனால் இவர் கையைத் துடைத்தபடி, "நேரம் இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மாப்ள" என்றார். நேரம் இருந்தால்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விஷயத்தை உடைச்சுச் சொன்னா என்னங்க?"

"நீங்க சும்மா இருங்க" என்றார்.

மாப்பிள்ளை வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

இன்று மதியம் அந்த லாரி முழுச் சுமையோடு எங்கள் கடையைத் தாண்டிப் போனது. முன்பக்கம் நேராக, பின்பக்கம் ஒருபக்கமாக ஒதுங்கி, நண்டு மாதிரி. ஸ்பிரிங்காரர் ரோட்டுக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டினார். ஜன்னலோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தங்கை சிரித்தபடி பதிலுக்குக் கையாட்டினாள். அதற்கப்புறம் மலையிறக்கம்.

நான் பைக்கை எடுத்தேன். பின்னால் ஏறியவர் தங்கைக்கு ஃபோன் போட்டார்.

"அண்ணே, வண்டி இப்ப குலுங்கவே இல்ல. பாப்பா தூங்கிட்டா."

"வண்டிய நிறுத்தச் சொல்லும்மா!"

"இறக்கத்துல நிறுத்தச் சொன்னா அவரு கத்துவாருண்ணே. கீழ போயி..."

சிக்னல் போய்விட்டது.

இரண்டாவது வளைவில் லாரியை எட்டிவிட்டோம். முந்த இடமில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். என் ஹார்ன் அந்த இன்ஜின் சத்தத்துக்கு எந்த மூலை? ஒவ்வொரு வளைவிலும் அச்சு இன்னும் கொஞ்சம் விலகுவது கண்ணெதிரே தெரிந்தது. ஸ்பிரிங்காரர் என் தோளை நசுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நிறுத்துடா பாவி! நிறுத்துடா!"

முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கே அது பாதிதான் கேட்டது.