கரண்ட் வைத்த இடுப்பு

கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. இவ்வளவுதான் ஆரம்பம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தவள் நான். அன்று கம்பெனி பஸ்ஸின் பின் சீட்டில் படுக்கவைத்துப் பள்ளிகொண்டாவில் இருக்கும் என் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் எனக்கு மெஷினைப் பற்றித்தான் கவலை. சில நாள் காலியாக இருந்தால் அதில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள்.

இதே வலியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் எண்ணம் இல்லை. எனக்கே இன்னும் கோபம் தணியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது) விலகியிருக்கிறது என்றார் டாக்டர். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, பெல்ட் போட வேண்டும், படுத்திருக்க வேண்டும், பிசியோதெரபிக்குப் போக வேண்டும். என் கணவர் தேவா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அன்றிலிருந்து என்னைக் கண்ணாடிச் சாமான் போலப் பார்த்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் பிசியோதெரபி என்று யாரும் சொல்வதில்லை. 'கரண்ட் வைப்பது' என்போம். ஆம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் பிரகாஷ் என்ற தம்பி எனக்கு வைத்தார். இடுப்பில் பட்டைகளை ஒட்டி மெஷினைப் போட்டால் எறும்பு ஊர்வது போலிருக்கும். பிறகு ட்ராக்‌ஷன் (இடுப்பில் வார் கட்டி எடை வைத்து இழுப்பது). திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களும் கம்பெனி ஆட்கள்தான். யார் எவ்வளவு கரண்ட் தாங்குகிறார்கள் என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். இன்னும் ஏற்றச் சொல்லி நானும் வீம்பாகக் கேட்டிருக்கிறேன்.

முதல் வாரமே பிரகாஷ் ஒரு தாளில் ஐந்து உடற்பயிற்சிகளை வரைந்து கொடுத்தார். கையைக் காலைத் தூக்குவதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன் என்று நினைத்து, அதை மடித்துப் பையில் போட்டேன். மறுநாள் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று மாதம் போனது. கரண்ட் தந்த சுகம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்கூட நிற்காது. தொடைகள் இளைத்தன. செருப்பைத் தேவா மாட்டிவிட்டார். சர்ச்சில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நான் பெல்ட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதற்கிடையே என் மெஷினில் ரம்யா என்ற பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள் என்ற சேதியும் வந்தது.

ஒருநாள் தேவா பொறுமை இழந்து வேலூருக்குக் கூட்டிப்போனார். அங்கே பிசியோதெரபி பார்த்த நித்யாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் காலின் பலத்தையும் உணர்வையும் சோதித்தாள். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும், உங்களுக்கு அது இல்லை என்றாள். கடைசியாக எப்போது குனிந்தீர்கள் என்று கேட்டாள். கரண்ட் மெஷினைத் தொடவே இல்லை.

"இன்னாம்மா, கரண்ட் வைக்க மாட்டியா?" என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

அவள் நிதானமாகச் சொன்னாள். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் டிஸ்க் இப்படித்தான் தெரியுமாம். இந்த மாதிரி வலிக்குப் படுக்கையும் பெல்ட்டும் இழுவையும் பெரிதாக உதவுவதில்லை, அசைவும் பயிற்சியும்தான் உதவுகின்றன என்று இப்போதைய ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். எல்லாம் புதிதும் இல்லை, வருடக்கணக்காகத் தெரிந்ததுதான் என்றாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். பஸ்ஸில் என் பையைத் துழாவிப் பழைய தாளை எடுத்தேன். ஐந்தில் நாலு பயிற்சி அதேதான்.

முதல் நாள் ஒரு தீப்பெட்டியைத் தரையிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தாள். எடுத்துவிட்டு அழுதேன். முதுகு உடையவில்லை என்பதை நம்பவே எனக்குப் பல நாள் ஆனது. இரண்டு மாதத்தில் அரைக் குடம் தூக்கினேன். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் அதற்கு நான் பயப்படுவதில்லை.

வேலைக்குத் திரும்பலாம் என்று நித்யா கடிதம் எழுதித் தந்தாள். மெஷினில் உட்காரலாம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். கம்பெனி ஆபீசில் அதைப் படித்தவர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"ஃபிட்டா, அன்ஃபிட்டா? ரெண்டுல ஒண்ணு எழுதினு வாங்க. ஒருத்தர் எந்திரிச்சா லைனே நின்னுடும்."

என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். எந்தப் புத்தகத்தில் அதைப் படித்தார்களோ தெரியவில்லை.

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பிரகாஷைப் பார்த்தேன். வாயை அடக்க முடியவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாதா தம்பி என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. படிச்சிட்டுத்தான வந்தேன்" என்றார். "கரண்ட் வைக்கலன்னா நாலாவது நாள் நீங்க வந்திருப்பீங்களா?"

அவர் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் வர வேண்டியது. மீதியை நான் விட்டுத்தர மாட்டேன். என் மூன்று மாதத்தை அவரும் தின்றார்.

இப்போதெல்லாம் நேரத்தை என் இடுப்புதான் சொல்கிறது. சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து நிற்கிறேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும். பேக்கிங் மேசையிலிருந்து பார்த்தால் என் பழைய மெஷின் தெரியும். அரை மணி ஆனதும் என் கண் தானாக அங்கே போகும். ரம்யா எழுந்திருக்க மாட்டாள். கொஞ்ச நாளாக ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் தைக்கிறாள்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நித்யா சொன்னதை, தீப்பெட்டியை, அரை மணிக் கணக்கை. என் தாளைக்கூடக் கையில் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டாள். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள். "நீங்க எங்க கரண்ட் வச்சீங்க?"