நாக்குக்கு அடியில் தேடியவள்

வார்டில் அவளுக்குப் போலீஸ் சிஸ்டர் என்று பெயர். மருந்து கொடுக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள். தினமும் பார்க்கிற நோயாளியானாலும் பெயரைச் சொல்லச் சொல்வாள். விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து ஜன்னல் வழியே துப்புகிற கில்லாடிகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். மனித வாயை நம்புவதில்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

வீட்டில் அந்த மரியாதை அவள் கணவருக்கு. அச்சகத்தில் பிழை திருத்துபவர். பல வருடங்களுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து, கழுத்தில் கதிர்வீச்சு வாங்கிப் பிழைத்தவர். நோய் போயிற்று. ஆனால் அந்தக் கதிர்வீச்சு தைராய்டையும் சேர்த்துச் சுட்டுவிட்டதால், ஆயுசுக்கும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

அதைப் போட்டும் சில மாதங்களாக மனிதர் சரியில்லை. மதியமே தூங்கி வழிந்தார். முகம் உப்பியது. மின்விசிறியைப் போட்டால் போர்வையைத் தேடினார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்படியும் பலனில்லை.

"துப்பிடறீங்களா?" என்றாள்.

"உன் கண்ணு முன்னாடிதானே முழுங்கறேன்."

"அப்புறம் ஏன் இப்படி?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. மனிதர் எதையோ மறைக்கிறார். இல்லையென்றால் உள்ளே மறுபடியும் ஏதாவது முளைத்துவிட்டதோ? அவர் குளிக்கப் போனதும் சட்டைப் பைகளைத் துழாவினாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். தூங்குகிறவரின் கழுத்தைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகம் இன்னும் பெருத்தது.

ஒருநாள், குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய ஒரு அம்மாளுக்கு மருந்துகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது தைராய்டுக்கு. இது கால்சியம். ரெண்டையும் சேத்துப் போடாதீங்கம்மா. கால்சியம் அதை உடம்புல சேரவிடாது. நாலு மணி நேரமாவது போகட்டும்."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சில மாதங்களுக்கு முன் கணவருக்கும் கால்சியம் எழுதியிருந்தார்கள். மதியம் போட வேண்டியது. மதியம் அவள் டியூட்டியில் இருப்பாள். தனியாக விட்டால் இவராவது போடுவதாவது? கண்முன்னாலேயே இறங்கட்டும் என்று அதையும் காலையிலேயே சேர்த்து விழுங்கவைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிற விஷயம், அவரை வேவு பார்க்கிற மும்முரத்தில் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "தப்பு என் மேலதான். உங்கள நம்பாம ரெண்டையும் ஒண்ணா குடுத்துட்டேன். அதான் மருந்து வேலை செய்யல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் தூங்கறேன்னு நெனச்சு கழுத்தைத் தடவிப் பாத்தியே. அந்த நோய் திரும்பி வந்துடுச்சு, நீ எங்கிட்ட மறைக்கறேன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவே. நான் நம்பியிருக்க மாட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இந்த மனிதர் தன் சாவை மனசுக்குள் வைத்துக்கொண்டு, தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்.

கால்சியம் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "மத்தியானம் நீங்களே போட்டுக்குங்க. போட்டீங்களான்னு நான் கேக்க மாட்டேன்."

அதைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.