அரை கிராம் சதகுப்பை

"சமையல்கூட உதவியாளர், திறன் தேவையற்ற பிரிவு. தரப்பட்ட பொருளைத் தரப்பட்ட அளவில் சூடாக்க வேண்டும். சுயமாக முடிவெடுக்கத் தேவையில்லை." மருத்துவமனைப் பதிவேட்டில் அவரைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். அவரோ சுயமாக முடிவெடுக்காமல் ஒரு நாளைக்கூடக் கழித்தவரில்லை. எடைக் கருவி பூஜ்யம் காட்டினாலும் நம்பமாட்டார். தட்டிப் பார்ப்பார், ஊதிப் பார்ப்பார், அப்புறம்தான் வெண்ணெயை வைப்பார். ஆகவே எல்லோருக்கும் அவர் தராசக்கா.

மூன்றாம் வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார். எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு. கடைசி முயற்சியாகக் கீட்டோ உணவு: மாவுச்சத்து துளியூண்டு, மற்றதெல்லாம் கொழுப்பு. வலிப்பு நின்றால்தான் அவர் மறுபடி மெஷினில் உட்கார முடியும். அவரோ முட்டையும் முட்டைகோஸும் வெண்ணெயுமாகப் போன தட்டைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் உணவுமுறையை நிறுத்திவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்ன தம்பி, என்னதான் குறை?"

"மெழுகுவத்தியைத் தின்ன மாதிரி இருக்குக்கா. திரியைப் பத்த வைங்க, வெளிச்சமாவது கிடைக்கும்."

தராசக்கா ஒரு வாய் தின்று பார்த்தார். வெட்கக்கேடு! தன் கையால் செய்தது என்பதால் கோபம் இரட்டிப்பானது. மறுநாள் வீட்டிலிருந்து சதகுப்பை விதை கொண்டுவந்து வெண்ணெயில் பொரித்தார். சோம்புக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வாசம். அது மூக்கில் ஏறியதும் டயட்டீஷியன் ஓடி வந்தார்.

"என்ன இது? பட்டியல்லயே இல்லையே!"

"சேத்துக்கோங்க, மேடம்."

"மசாலாலயும் மாவுச்சத்து இருக்கு, இஷ்டத்துக்குப் போட முடியாது. குழு கூடித்தான் முடிவெடுக்கணும். அடுத்த மாசம்."

"அதுவரைக்கும் அவர் வாயைத் தைச்சுட்டு உக்காரணுமா? தையல்காரர்தான், அதுக்காக?"

தராசக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழு கூடும்வரை வலிப்பு பொறுத்திருக்குமா? ஆனால் மேடம் சொன்னதில் பாதி சரி என்பதும் அவருக்குத் தெரிந்தது, எரிச்சலே அதுதான். பொரித்த விதையை ஓரமாக வைத்தார். சத்து அட்டவணையைக் கேட்டு வாங்கி, எட்டாவதோடு நின்றுபோன படிப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதியம் முழுக்கக் கணக்குப் போட்டார். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது தாளும் கையுமாகக் குறுக்கே நின்றார்.

டாக்டர் படித்தார். "சரியாத்தானே இருக்கு? போடலாம்." பிறகு டயட்டீஷியனைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா யோசிச்சிருக்கீங்க, மேடம்."

டயட்டீஷியன் தரையைப் பார்த்தார்.

"யோசிச்சது நான், சார்," என்றார் தராசக்கா, வார்டே திரும்பிப் பார்க்கும்படி. "எழுத்தைப் பாருங்க. இவ்வளவு கோணலா மேடம் எழுதுவாங்களா?"

அன்று மதியம் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. தையல்காரர் வீடு போகும்வரை பதினெட்டு நாள், வேளைக்கு ஐந்து கிராம் முட்டைகோஸைக் குறைத்து, அதற்கு ஈடாக அரை கிராம் சதகுப்பையை எடைபோட்டு, வெண்ணெயில் பொரித்துப் போட்டவர் தராசக்கா.