பூதங்களின் வாயிலில் கத்தியைக் கீழே வைத்தவன்

ஃபிஜியில், ட்ராசா மேட்டின் மேல் கரும்பு லாரி ஏறிப் போகிற பாதை நான் போட்டது. ரராவாய் சர்க்கரை மில்லுக்கு வடக்கே, மழைக்காலத்தில் கழுத்தளவு தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மூன்று மதகுகள், அதுவும் நான். லௌத்தோக்காவில் ஒரு மாடிக் கட்டடம், கீழே நான்கு கடை. கோயில் மண்டபத்துக்குத் தரை சமன் செய்தது என் புல்டோசர். படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் கரும்புக் காட்டில். இந்தக் கட்டுரையையும் நானே எழுதினேன். குருக்கள் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினார். கருத்தில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மேலே சொன்னதையெல்லாம் ஊரில் யாரும் மறுப்பதில்லை. இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் ராஜன் பேசிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் லௌத்தோக்காவில் பள்ளி வாத்தியார், இப்போது பிரிஸ்பேன்காரன். முன்பு இன்டர்நெட்டில் நாங்கள் கூடி விளையாடிய ஒரு மாய உலகத்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறான். பூதங்கள் காக்கிற மலைவாயிலை ஃபிஜி கோஷ்டி எப்படிக் கடந்தது என்று கதை. பூதங்களின் நடத்தையைப் பல நாள் ஆராய்ந்து ரகசியத்தைத் தானே கண்டுபிடித்தானாம். கடைசியில் ஒரு வரி: "கடைக்கார அங்கிள் ஒருத்தர் இருந்தார், நல்லா டீ போடுவார்." அவ்வளவுதான் நான். தட்டில் இருந்த ரொட்டியை அப்படியே தள்ளி வைத்தேன்.

அந்தக் கடை எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எண்பத்தேழில் இந்திய வம்சத்தார் இடம்பெற்ற அரசைக் கவிழ்க்கப் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது. இரண்டாயிரத்தில் வேறொரு கோஷ்டி துப்பாக்கியோடு நுழைந்தது. ஒரே கேவலமான நாடகத்தை ஒரு மனுஷனை எத்தனை தடவை பார்க்க வைப்பார்கள்? குத்தகை முடிந்த கரும்பு நிலங்கள் கைமாறிப் போயின. பாதை போடச் சொல்ல ஆளில்லாமல் டோசர் துருப்பிடித்தது. என் மாடியில் இன்டர்நெட் கடை வைத்திருந்தவன் ஒரு மத்தியானம் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். "அண்ணே, நான் ஆக்லாந்து போறேன். எட்டு மெஷினும் நீங்களே வச்சுக்கங்க." டீசல் ஊற்ற வேண்டாம் என்பதைத் தவிர அந்த எட்டு மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நாட்டை விட்டுப் போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள்தான் அங்கே வந்தார்கள். கடிதம் வந்ததா என்று பார்ப்பார்கள். வந்திருக்காது. உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் விளையாட உட்காருவார்கள். அதில் இருவர் தினமும் வருவார்கள். ஒருவன் ராஜன். இன்னொருத்தி சரோஜா, ஆஸ்பத்திரி நர்ஸ். ஊசி போடுகிற கை, ஆனால் அந்த ஆட்டத்தில் அவளைப் போல வாள் வீச ஆளில்லை. அவர்கள் பேசியது முக்கால்வாசி நம் ஊர் இந்தி. இங்கே தமிழில் போடுகிறேன்.

சும்மா உட்கார்ந்து பார்ப்பது எனக்கு வராது. நானும் ஓர் ஆளை உண்டாக்கி அந்த உலகத்துக்குள் இறங்கினேன். சண்டை எனக்குச் சரிப்படவில்லை, ஒரு காட்டுப்பன்றி என்னை நான்கு தடவை கொன்றது. நடக்க மட்டும் வந்தது. காட்டைத் தாண்டி ஓடை, ஓடைக்கு மேலே கல் பாலம். நான் பாலத்துக்கு அடியில் இறங்கி வளைவைப் பார்த்தேன். கட்டியவன் வேலை தெரிந்தவன்தான், ஆனால் தண்ணீர் அடிக்கிற பக்கம் கல் போதாது. இதைச் சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் கொன்று பொருள் சேர்த்தார்கள், நான் குன்று குன்றாக ஏறி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வழியில் கண்ட வேரையெல்லாம் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். இது யார் நிலம், குத்தகை எப்போது முடிகிறது என்று கேட்க அங்கே ஒருவனும் இல்லை. அந்தச் சுகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஜன்னல் வழியாக மில்லின் மொலாசஸ் பாகு வாடை வரும். இன்றைக்கும் அந்த வாடை வந்தால் எனக்கு மில் ஞாபகம் வருவதில்லை, அந்தக் கல் பாலம்தான் வருகிறது.

அந்த உலகத்தின் கிழக்கே மலை. மலையில் ஒரே ஒரு வாயில், இரண்டு பக்கமும் கல் பூதங்கள். ராஜனும் சரோஜாவும் வாரக்கணக்கில் மோதினார்கள். வாயிலில் கால் வைத்ததும் அடி விழும், சாவார்கள், ஊர்க் கிணற்றடியில் மறுபடி எழுவார்கள்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வெட்டிய பாதைகளில் பாதி ஃபிஜிக்காரர்களின் ஊர் நிலத்தில் போகிறது. அங்கே நேராக டோசரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டையை எடுத்துக்கொண்டு போய், ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்து அனுமதி கேட்க வேண்டும். செவுசெவு என்பார்கள். கரும்புக் கத்தியை லாரியிலேயே விட்டுவிட வேண்டும். கத்தியோடு அடுத்தவன் எல்லைக்குள் போகிறவன் விருந்தாளி இல்லை. முப்பது வருடம் செய்திருக்கிறேன். அதில் ஒரு தலைவர், இலைசா என்று பெயர், இரண்டாயிரத்தில் கடைகளை உடைத்துக் கொள்ளையடித்த நாட்களில் என் டோசரைத் தன் வீட்டுப் பின்புறம் நிறுத்தி ஓலையைப் போட்டு மூடினார். "தும் நை டரோ. மெஷின் ஹியாங் ரஹி." பயப்படாதே, வண்டி இங்கே இருக்கும் என்றார், இருந்தது. நாட்டைக் கெடுத்தவர்கள் மேலே உட்கார்ந்திருந்தவர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சரி, வாயில். ஒரு மத்தியானம் நான் அங்கே போனேன்.

"மாமா, உங்க லெவல் ஆறு. ஒரே அடில போயிடுவீங்க," என்றான் ராஜன்.

"போனா என்ன, கிணத்தடில எழுந்து வரேன்."

வாயிலுக்குப் பத்தடி முன்னால் கத்தியைப் பைக்குள் போட்டேன். பையிலிருந்து ஒரு வேரை எடுத்துத் தரையில் வைத்தேன். என் ஆளை உட்கார வைத்தேன். அது ஆட்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எல்லை எல்லைதானே.

"சரோஜா, இங்க வா. மாமா பூதத்தோட யங்கோனா குடிக்கப் போறார்."

"குடிக்கப் பிலோ கொண்டு வந்தீங்களா மாமா? பூதத்துக்குப் பெரிய கை, பெரிய கொட்டாங்கச்சி வேணும்."

"சிரிங்க. அவங்க இடம், கேட்டுட்டுப் போறதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"அது கம்ப்யூட்டர் பூதம் மாமா. அதுக்கு என்ன தெரியும் செவுசெவு?" என்றான் ராஜன்.

நான் எழுந்து நடந்தேன். ஒரு பூதம் என் பக்கம் திரும்பியது. ராஜன் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பூதம் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் அதன் காலுக்கு நடுவில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தேன்.

"காஹே?" என்றான் ராஜன். "ஏன் அடிக்கல?"

"கேட்டேன், விட்டான்."

அந்தப் பக்கத்தை எப்படிச் சொல்வது. மலை அடிவாரம் வரை ஓர் ஏரி, கரையில் வெள்ளை மரங்கள், தண்ணீருக்கு மேல் மெதுவாகப் பறக்கிற ஏதோ விளக்குப் பூச்சிகள். ஒரு காலடித் தடம் கிடையாது. சரோஜாவும் வாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஏரிக்கரையில் நின்று அழுதாள். அன்று காலையில்தான் அவளுக்கு நியூசிலாந்து விசா வந்திருந்தது.

கத்தி கையில் இல்லாவிட்டால் போதும், வேர் தேவையில்லை என்று ராஜன் பிறகு நாலைந்து தடவை போய்ப் பார்த்துச் சொன்னான். அதுதான் அவன் செய்த ஆராய்ச்சி. நான் ஒவ்வொரு தடவையும் வேரை வைத்துவிட்டுத்தான் போனேன்.

பிறகு சரோஜா போனாள், ராஜன் போனான். போன இடத்திலிருந்து கொஞ்ச நாள் ஏரிக்கரைக்கு வந்து, அங்கே குளிர், இங்கே வாடகை என்று எழுதுவார்கள். அதுவும் நின்றது. நான் மட்டும் போன் கம்பி மழையில் அறுந்துபோகாத நாட்களில் அந்தக் கரையைச் சுற்றி நடந்தேன். ஒரு நாள் கம்பெனி அந்த உலகத்தையே இழுத்து மூடிவிட்டது. மலை இல்லை, ஏரி இல்லை. கைவிட்டுப் போன கரும்பு நிலத்தையாவது பஸ் ஜன்னலில் பார்க்கலாம். இதற்குப் பஸ்ஸும் கிடையாது.

இப்போது வருகிற ஆட்டங்களையும் பார்த்தேன். காலுக்கு முன்னால் மஞ்சள் கோடு ஓடுகிறது, இப்படிப் போ, இங்கே திரும்பு, இதை எடு. பணம் கட்டினால் இறக்கை முளைத்த குதிரை. பாதையே தெரியாத இடத்தில் ஒருவன் தன் புத்தியால் வழி கண்டுபிடிக்கிற சுகம் இவர்களுக்குத் தெரியவே போவதில்லை. இதற்கு நாக்கில் எச்சில் ஊற உட்கார்ந்திருக்கிறார்களே, பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

வீடியோ பார்த்த அன்றே ஆக்லாந்துக்குப் போன் போட்டேன்.

"விடுங்க மாமா," என்றாள் சரோஜா. "யார் கண்டுபிடிச்சா என்ன? ஒரு கேம்தானே. ராஜனுக்கு அதுல ஒரு சந்தோஷம்."

"நீ பக்கத்துல இருந்தியா இல்லையா?"

"இருந்தேன்."

"யார் முதல்ல போனது?"

"நீங்கதான் மாமா. ஆனா இப்ப அதை எங்க போய்க் காட்டுவீங்க?"

காட்ட இடமில்லை என்பதால்தான் எழுதுகிறேன். பாதையையும் மதகையும் நான் செத்த பிறகும் யாராவது போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி, அந்த வாயும் பொய் சொல்கிறது.

ராஜன், உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும், அவர் வாசித்துச் சொல்லட்டும். அந்த வீடியோவை எடுக்க வேண்டாம். அதன் கீழே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, உன் கையால் எழுது: கத்தியைக் கீழே வைத்து அந்த வாயிலை முதலில் கடந்தவர் இவர், நான் பின்னால் போனவன். என் பேர் உனக்குத் தெரியும். அங்கிள் என்று போடாதே. முழுப் பேராகப் போடு.