பி.டி. டீச்சர் தூக்கிப் பார்த்த ஆம்ப்

கோயம்புத்தூர் இசைக்கருவிக் கடையில் எங்கள் பி.டி. டீச்சர் அந்த ஆம்ப்ளிஃபயரைக் கையில் எடுத்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முட்டைக்கோஸை வாங்கும் முன் ஏந்திப் பார்ப்பதுபோல் இரண்டு கையாலும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு அதன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் பதறிப் பின்னாலேயே ஓடினார். "ஏனுங்க மேடம், எங்கீங்க கொண்டு போறீங்க?" டீச்சர் ஏதோ சொன்னார். வண்டிச் சத்தத்தில் கடைக்காரருக்குக் கேட்கவில்லை. கிட்டே வந்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "திரும்பி வந்துருவனுங்க. பஸ்ஸை விட்டு எறங்கி மேடேறி ஊட்டுக்குப் போறவங்க நாங்க. நடந்து பாக்காம எப்படி வாங்கறது?"

நாங்கள் மூன்று பேரும் குன்னூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்கு டீச்சர், கிட்டார் வாசிப்பேன். அறிவியல் ஆய்வகத்தில் இருந்தவரை எல்லோரும் லேப் அண்ணன் என்போம். அவர் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து அதையே தட்டித் தாளம் போடுவார். பாட்டு பி.டி. டீச்சர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டாகத் தொடங்கியது, கோயில் விழாக்கள், கேத்தியிலும் பிக்கட்டியிலும் கல்யாண வரவேற்புகள் என்று வளர்ந்துவிட்டது. போகிற இடத்திலெல்லாம் மைக் செட்காரரின் குழாயில் என் கிட்டார் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கும். டீச்சருக்கு அந்தக் கவலை இல்லை. மைதானத்தின் இந்த மூலையில் நின்று அவர் குரல் கொடுத்தால், எதிர்ச்சரிவில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சொந்தமாக ஓர் ஆம்ப் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

அதற்குள் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் பள்ளிக்கூடமே நிம்மதியடைந்தது. ஆனால் அந்தக் குரல் திரும்பி வரவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போனால் வெறும் காற்றுதான் வந்தது. கத்த முடியவில்லை. மைதானத்தில் விசில் ஒன்றை வைத்துச் சமாளித்தார். தலைமையாசிரியர் நல்லெண்ணத்தோடுதான், வருகிற பருவத்திலிருந்து நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தவர், அன்று முழுவதும் யாரோடும் சிரிக்கவில்லை. பாட்டைப் பற்றிக் கேட்டபோது, "நீங்க ரெண்டு பேரும் வாசிங்க டீச்சர். சாமான் தூக்க நான் வர்றேன்" என்றார். கோயம்புத்தூருக்கும் அப்படித்தான் வந்தார், தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல.

லேப் அண்ணனுக்குப் பெரிய ஆம்ப்மேல் ஆசை. "மேடையில பாத்தா கெத்தா இருக்கோணுமுங்க" என்று அலமாரி அளவுக்கு ஒன்றைக் காட்டினார். டீச்சர் அதை வாசல்வரை தூக்கி வரச் சொன்னார். தூக்கிப்போய்த் திரும்பி வந்தவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சின்னதே போதும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே தோளில் மாட்டுகிற அளவு, இரண்டுமே பேட்டரியில் ஓடும். முதலாவதில் கிட்டாரைச் செருகிக் கம்பியைத் தொட்டேன். மழை விட்டபின் தேயிலைச் செடியிலிருந்து சொட்டுகிற நீர்போல ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. எனக்கு அங்கேயே மனம் நின்றுவிட்டது. இரண்டாவதில் கிட்டார் சற்று வறண்டு கேட்டது. ஆனால் அதில் மைக்குக்கும் தனியாக ஓர் இடம் இருந்தது. "கிட்டாருக்கு எது நல்லாருக்குதோ அதையே எடுங்க. மைக் யாருக்கு?" என்றார் டீச்சர்.

லேப் அண்ணன் சும்மா இருக்கவில்லை. எதற்கும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டாவதில் மைக்கைச் செருகி டீச்சர் கையில் கொடுத்துவிட்டார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்கு, "அட்டென்ஷன்" என்றார். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து கனமாக, இதமாக ஒரு குரல் எழுந்து கடை முழுவதும் பரவியது. அந்தப் பக்கம் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த தாட்டியான மனிதர் ஒருவர், கையை இறக்கி விறைப்பாக நிமிர்ந்து நின்றுவிட்டார். அவர் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துப் பழக்கமுங்க, தானா வந்துருச்சு" என்று அவர் அசடு வழிந்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வெடித்தது. மைக் வாயருகிலேயே இருந்ததால் அந்தச் சிரிப்பும் கடை முழுக்கக் கேட்டது. கட்டி வந்த நாளிலிருந்து நாங்கள் கேட்காத சிரிப்பு.

நான் கிட்டாரின் கழுத்திலிருந்த கேப்போவைக் கழற்றினேன். சுருதியை ஏற்றுவதற்காகக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி அது. அவருடைய உயர்ந்த குரலுக்காக எப்போதும் அதை மாட்டித்தான் வாசிப்பேன். இப்போது அதை எடுத்துவிட்டு, அவர் வழக்கமாகப் பாடும் ஒரு தாலாட்டை மிகவும் தாழ்ந்த சுருதியில் தொடங்கினேன். அவர் என்னை முறைத்தார். அடுத்த சுற்றில் மெல்லப் பாடினார். பழைய குரல் மலையைத் தாண்டிப் போகும். இது காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு அடி முடிந்ததும் நிறுத்தி, "இது என் குரலா டீச்சர்?" என்று கேட்டார். "உங்களோடதுதான். முன்னெல்லாம் இவ்வளவு கிட்ட வந்ததில்லை" என்றேன். அதற்குமேல் நான் எந்த ஆம்ப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் இரண்டாவதைக் காட்டினேன்.

வாங்கி வந்த ஆம்ப் முதலில் ஏறியது மேடையில் அல்ல, மைதானத்தில். விளையாட்டு விழா ஒத்திகையன்று எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். டீச்சர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, மைக்கை முகவாய்க்கருகே பிடித்து, ஓர் அதட்டல்கூட இல்லாமல் பேசிக்கொண்டே நடந்தார். மூட்டத்துக்குள் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத குரலுக்குப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாய் நின்றார்கள். வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் என்னிடம், "லைப்ரரிக்கு வேற ஆளைப் பாத்துக்கலாங்க" என்றார்.

அதன்பிறகு நாங்கள் வாசிக்காத இடமில்லை. எங்கள் வீட்டில் பாட்டுகளைப் பதிவு செய்தோம். ஆம்ப்பிலிருந்து ஒரு வயரை போனில் செருகினால் போதும். கிட்டார் வயர் வழியாகச் சுத்தமாகப் போகும். ஆனால் டீச்சரின் மைக்கோ தகரக் கூரையில் விழும் மழையையும் சேர்த்தே வாங்கும். மழை விடட்டும் என்று உட்கார்ந்து தின்ற வர்க்கி பிஸ்கட்டுக்குக் கணக்கில்லை. ஒரு பதிவில், பாட்டு முடிந்த கையோடு லேப் அண்ணன் தும்முவதும் இருக்கிறது. அதை வெட்டக் கூடாதென்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற பிறகு டீச்சர் தேவாலாவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆம்ப்பை அவரிடமே கொடுத்தனுப்பினோம். போன வாரம் போனில் கூப்பிட்டார். எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண்கள் சிலரைச் சேர்த்து அங்கே ஒரு குழு நடக்கிறதாம். வேலைவிட்டு வந்ததும் பாட உட்கார்ந்துவிடுகிறார்களாம். பேட்டரி முன்போல நிற்பதில்லை, புதிதாக ஓர் ஆம்ப் எடுக்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். எத்தனை மைக் வேண்டியிருக்கும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"மைக்கை விடுங்க டீச்சர்," என்றது அந்தத் தாழ்ந்த குரல். "இங்க இருக்கறதெல்லாம் மலைக்கே கேக்கற தொண்டைங்க. இந்த வாட்டி கிட்டாருக்கு எது நல்லாருக்குதோ அதையே எடுக்கலாம். நீங்களும் மாசம் ஒருக்கா வந்து வாசிக்கோணும், ஆமா."