ரேஷன் கார்டில் அவர் பெயர்

பட்டாளத்துக்காரர் வீட்டை நடத்துவது போல ஒரு உத்தியோகம் கிடையாது: மேலதிகாரி எல்லையில் இருக்கிறார், கீழே வேலை செய்ய ஆள் இல்லை, ராஜினாமாவை வாங்கிக்கொள்ளவும் யாருமில்லை. உங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போயிருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. பாப்பா தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். பகலில் பேனாவை எடுத்தால், "லெட்டர் வந்துச்சா, பதில் எழுதறியா?" என்று அத்தை ஓடி வந்துவிடுகிறார்.

ஆறு படி அரிசி

என் அம்மா வீடு திருத்தணிப் பக்கம். எல்லை பிரித்தபோது அது சென்னை மாநிலத்துக்குப் போயிற்று; நான் வாக்கப்பட்ட புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. மாநிலம் விட்டு மாநிலம் பெண் போகலாம், அரிசி போகக்கூடாது. பாகிஸ்தானோடு சண்டை தொடங்கிய வாரம், பாப்பாவின் துணிமூட்டைக்குள் ஆறு படி அரிசியை ஒளித்து அம்மா என்னை ரயிலேற்றினாள். பெட்டியில் பாதிப் பெண்கள் அன்றைக்குக் கர்ப்பிணிகள். எல்லாம் இடுப்பில் கட்டிய அரிசி.

நகரியில் ஏறிய சோதனைக்காரர், "மூட்டையில என்னம்மா?" என்றார். பொய் சொன்னால் முட்டிபோட வைக்கும் கான்வென்டில் படித்தவள் நான். "ஆறு படி அரிசி" என்றேன். மூட்டை போயிற்று. அதோடு விடாமல் பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் இறக்கினார். பிளாட்பாரத்தில் அரிசியை அவிழ்த்துக் கொட்டிய ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன் நல்லத்தனத்தையே என் புள்ளைங்க இன்னிக்கித் துன்னட்டும்."

விரல் வைத்த இடம்

ரேஷன் கார்டுகளைச் சரிபார்க்க ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குமாஸ்தா தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகக் கேட்டார்: "அந்தரூ உன்னாரா? எல்லாரும் வீட்லதான் இருக்காங்களா?"

"ஒருத்தர் இல்லை."

"யாரு?"

புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லி அவர் ஆயுசைக் குறைக்கும் தைரியத்தைக் கான்வென்டில் கற்றுத் தரவில்லை. கார்டில் அவர் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினேன். மிலிட்டரியில் இருக்கிறார் என்று சொல்லி முடிப்பதற்குள், விரலை எடுத்த இடத்தில் சிவப்பு மசியால் ஒரு கோடு விழுந்திருந்தது. "அங்க சோறு போடறாங்க இல்ல? வந்தப்புறம் நேர்ல கூட்டிக்கினு வாம்மா, சேத்துக்கலாம்" என்று அடுத்த கார்டை எடுத்தார்.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. சிவப்புக் கோட்டைப் படிக்க எழுத்து எதற்கு? அரிசி குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உசிரோட இருக்கறவன் பேரை நீயே கை காட்டிட்டு வந்தியா?" என்றார்.

வேர்க்கடலை பிடுங்கிய நாள்

மழையில்லாமல் எங்கள் ஒரு ஏக்கர் வேர்க்கடலை மண்ணோடு இறுகிக் கிடந்தது. பிடுங்க ஆள் இல்லை. ரோடு வேலைக்குப் போனால் கோதுமை தருகிறார்கள், நான் தருவது கூழ்தானே. எப்போதும் கூலிக்கு வரும் முனியம்மா மட்டும் தன் நாத்தனார்கள் இரண்டு பேரோடு வந்தாள். மத்தியானம் நான் ஊற்றிய கேழ்வரகுக் கூழைக் கண்ணெதிரே தூக்கிப் பார்த்து, "சின்னம்மா, இதுல என் மூஞ்சி தெரியுது. கேவுருதான் தெரியல" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும், "ஐயா பேரை அடிச்சிட்டாங்களாமே?" என்றாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாதம் ஒன்றரை ஆகியிருந்தது, அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தக் கோட்டை நானே போட்டுவிட்டேன் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. முனியம்மா செடியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க பேரு எந்தக் காயிதத்துலயும் ஏறனதே இல்ல. நாங்க உசிரோட இல்லியா?"

திங்கட்கிழமையும் மற்ற நாட்களும்

நாட்டுக்காகத் திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை விடச் சொல்லிப் பிரதமர் கேட்டிருந்தார். அத்தை விட்டார். பிறகு செவ்வாய்க்கிழமையும் விட்டார், வியாழனும். ஒருநாள் அடுப்புக்குப் பின்னால் சின்னப் பானை ஒன்றைப் பார்த்தேன். உள்ளே தினமும் ஒரு பிடியாகச் சேர்ந்த அரிசி. பாப்பா பசியில் அழுத நாளில்கூட அதைத் தொடவில்லையே என்று கோபத்தில் கத்தினேன். அவர் பானையை மூடி வைத்தார். "வந்து நிக்கறவன்கிட்ட, 'உனக்குப் பங்கில்ல நைனா'ன்னு சொல்லச் சொல்றியா?"

மறுபடியும் ஆபீஸ்

சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்துத் தெருவுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. எங்கள் வீட்டைக் கடக்கும்போது தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதித்தார்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே குமாஸ்தாவிடம் போனேன். "ஆள் நேர்ல வராம எழுதினா என் வேலை போயிடும்மா" என்றார்.

"அரிசி வேண்டாம். பெயரை மட்டும் போடுங்கள்."

அவர் பாப்பாவைப் பார்த்தார். மேசைக்குள் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார். சிவப்புக் கோட்டுக்கு மேலே, அழகான தெலுங்கு எழுத்தில், மெதுவாக எழுதினார்.

"மசியில் எழுதக்கூடாதா?" என்றேன்.

நிமிரவே இல்லை. "பென்சில்ல இருக்கட்டும்மா. எப்படி ஆனாலும் சௌகரியம்."

ஆகவே, என்னைப் போன்ற சகோதரிகளே, அரிசி, ஆள்கூலி, அத்தை எல்லாவற்றையும்விட இப்போது எனக்குப் பெரிய வேலை, ரேஷன் கடைக்காரரின் ஈரக் கட்டைவிரல் அந்த ஒரு வரியில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.